மூன்று பாட்டுக்கு இடம் கொடுங்கள்

சுவிற்சர்லாந்தின் சென் கேலன் நகரில் வளர்ந்த பிரியா ரகுவின் பெயர் திருகோணமலையில் இன்னும் பலருக்குப் பழக்கமில்லை. போருக்குத் தப்பி அந்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண். கறுப்பின அமெரிக்கர்களின் சோல், ஆர் அன்ட் பி இசைவழியில் தானே எழுதித் தானே பாடுபவர். 2021 செப்ரெம்பரில் 'டாம்ன்ஷீஸ்தமிழ்' என்ற பாடல் தொகுப்பும், 2023 ஒக்ரோபரில் 'சந்தோசம்' என்ற முதல் முழு அல்பமும் வெளிவந்தன. நம்மவர்கள் அவரைப் பற்றி எழுதினால், உலக அரங்கில் ஒரு தமிழ்ப் பெண் என்ற பெருமிதத்தோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. பெருமிதத்தில் தவறில்லை. ஆனால் மூதூரிலோ உப்புவெளியிலோ கிட்டாரோடு குந்தியிருக்கும் ஒரு பிள்ளைக்கு அதனால் ஒரு சதத்துக்கும் பயனில்லை. அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார் என்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது. அந்த வழியைப் படிப்படியாகப் பார்த்தால், நமது மாவட்டத்தில் பாடத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருந்தும் சொந்தமாகப் பாட்டுக் கட்டுபவர்கள் ஏன் மேலே வருவதில்லை என்பதற்குக் காரணமும் தெரியும். காரணம் திறமைக் குறைவு இல்லை. நம்முடைய மேடைகள் பிறர் பாட்டைப் பாடும் பருவத்தைத் தாண்டிப் போக யாரையும் விடுவதில்லை.

பிள்ளைப் பருவத்தில் பிரியா ரகுவுக்குக் கிடைத்த இசைப் பள்ளி நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது போன்றதுதான். வீட்டில் எந்நேரமும் தமிழ்த் திரைப்பாட்டு. தகப்பன் சேர்த்த ஒரு குடும்ப இசைக்குழு. அதில் சகோதரர் கீபோர்ட் வாசிக்க இவர் பாடுவார். புலம்பெயர்ந்த தமிழர் கூடும் விழாக்களில் சினிமாப் பாடல்கள். பதின்பருவத்தில் லோரின் ஹில், அலிஷா கீஸ் போன்றோரின் குரல்கள் காதில் விழுந்தன. பிறகு அவர்களைப் போலவே பாடிப் பார்த்தார். ஆக, முதலில் சென்னையைப் பார்த்துப் பழகினார், அடுத்து அமெரிக்காவைப் பார்த்துப் பழகினார். இரண்டும் நகல்தான். அந்தப் பருவத்தை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. பாட்டு என்பது காதால் கற்கும் வித்தை, நகல் எடுக்காமல் யாரும் கற்றதில்லை. கவனிக்க வேண்டியது அடுத்து நடந்ததை. விமான நிறுவனமொன்றில் உதிரிப்பாகங்கள் கொள்வனவு செய்யும் வேலையில் இருந்துகொண்டே, ஜாஃப்னா கோல்ட் என்ற பெயரில் இசை தயாரிக்கும் அதே சகோதரரோடு சேர்ந்து, தன் சொல்லையும் தன் மெட்டையும் தேடத் தொடங்கினார். பாட்டெழுதுவதற்கென்றே சில மாதம் நியூயோர்க்கில் போய் இருந்தார். பாட்டுகளைத் தாங்களாகவே வெளியிட்டார்கள். 2020 இல் வெளிவந்த 'குட் லவ் 2.0' ஃபீஃபா 21 காற்பந்துக் கணினி விளையாட்டில் இடம்பிடித்த பிறகுதான் பெரிய இசை நிறுவனத்தோடு உடன்படிக்கை வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

அவருடைய பாணியை அறிமுகப்படுத்துபவர்கள் 'கிழக்கும் மேற்கும் கலந்த இசை' என்று ஒரே வரியில் கடந்து போய்விடுகிறார்கள். கலந்தது எந்த இடத்தில் என்று பார்ப்பதுதான் சுவாரசியம். சோல் பாடகர்கள் ஒரு சொல்லின் கடைசி உயிரெழுத்தைப் பிடித்துக்கொண்டு, சுரங்களைப் படிப்படியாக உதிர்த்துக் கீழே இறங்குவார்கள். நம் மரபில் அதே இடத்தில் சுரத்தை அசைத்து, அதன் அக்கம்பக்கத்தைத் தொட்டுவிட்டு வருவோம். தமிழ்த் திரைப்பாட்டில் ஊறிய தொண்டை சோல் பாடினால் இந்த இரண்டு பழக்கமும் ஒரே மூச்சில் முட்டிக்கொள்ளும். அந்த முட்டலை மறைக்காமல் விட்டதுதான் பிரியா ரகுவின் பாணி என்பேன். சகோதரரின் தயாரிப்பிலும் இதே துணிவு தெரிகிறது: ஹிப்ஹொப் தாளத்துக்கு மேல் நம் தோல்வாத்திய அடிகளும் திரையிசை வாடையும் ஒளிவுமறைவில்லாமல் வந்து உட்காருகின்றன. தங்கள் குடும்பப் பெயரை ஒட்டி அதற்கு 'ரகுவேவி' என்று ஒரு பெயரும் வைத்துக்கொண்டார்கள். 'சிக்கின் லெமன் ரைஸ்' என்று வீட்டுச் சாப்பாட்டைத் தலைப்பாக்கினார். மாமல்லபுரத்தில் சறுக்குப்பலகை ஓட்டிய சிறுமியைப் பற்றிய ஆவணப்படத்தால் தூண்டப்பட்டு 'கமலி' பாடினார். 'ஆடலாம் வா' என்று ஒரு பாட்டுக்கு நேரடியாகத் தமிழிலேயே பெயர் வைத்தார். காலவரிசையில் பார்த்தால் ஒன்று தெளிவு. பெயர் பெறப் பெற அவர் தமிழிலிருந்து விலகிப் போகவில்லை, அதை நோக்கி நடந்திருக்கிறார். வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறு.

இங்கே ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய பாட்டுகளின் பெரும்பகுதி ஆங்கிலம். நடனத்துக்கென்று செய்த சில பாட்டுகளில் தமிழ் வெறும் கொக்கியாகத் தொங்குகிறது, பாட்டின் சுமையை அது தாங்குவதில்லை. 'இது வெள்ளைக்காரருக்குக் காட்டும் அலங்காரத் தமிழ்' என்று குற்றம் சாட்டுபவர்களுக்கு அந்த இடங்களில் என்னால் பதில் சொல்ல முடியாது. ஆனால் சென் கேலனில் வளர்ந்த ஒருவர், தான் யோசிக்கும் மொழியில் எழுதுவதை ஏமாற்று என்று சொல்லவும் மாட்டேன். தமிழிலேயே யோசித்து, தமிழிலேயே சண்டை பிடித்து, தமிழிலேயே அழும் ஊரில் இருக்கும் நாம், அவர் எழுதாத பாட்டை நாமே எழுத வேண்டியவர்கள். அதை எழுதாமல் இருந்துகொண்டு அவரைக் கேள்வி கேட்பது முறையல்ல.

சோல் இசையின் வரலாறும் இந்த வாதத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது. அரீத்தா ஃபிராங்ளின் பாதிரியாரின் மகள், தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். 1960 களின் முற்பாதியில் கொலம்பியா நிறுவனம் அவரை ஜாஸும் மேடைநாடகப் பாட்டும் பாடும் நாகரிகப் பாடகியாக்கப் பார்த்தது. குரல் அதே குரல்தான், ஆனால் பெரிதாக எடுபடவில்லை. 1967 இல் அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறி, அலபாமாவில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் தானே பியானோவின் முன் அமர்ந்து, கோயிலில் பழகிய பாணியில் பாடினார். அந்த ஆண்டிலேயே நாடறிந்த பாடகியானார். இன்னொருவர் பில் விதர்ஸ். 1938 இல் பிறந்தவர், மேற்கு வேர்ஜீனியாவின் நிலக்கரிப் பகுதியைச் சேர்ந்தவர். ஒன்பது ஆண்டு அமெரிக்கக் கடற்படையில் இருந்துவிட்டு, விமானங்களுக்கான பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் கூலிவேலை பார்த்தார். 1971 இல் முதல் அல்பம் வந்தபோது முப்பது தாண்டியவர். அதன் அட்டைப்படத்தில் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு, வேலைத்தளத்தின் சுவரருகே நிற்கிறார். பாட்டுத் தொழிலை நம்ப முடியாது என்று வேலையை விடவும் தயங்கியவர். அவருக்கும் பிரியா ரகுவுக்கும் இடையில் அரை நூற்றாண்டு, ஆனால் விமானச் சாமான்களோடு பிழைப்பு, முப்பதுக்கு மேல் அரங்கேற்றம் என்று கதை அச்சொட்டாக ஒன்றுதான். மாதச் சம்பளம் இருந்ததால் அடுத்தவருக்குப் பிடிக்கும்படி பாட வேண்டிய அவசரம் இருவருக்கும் இருக்கவில்லை. சுயாதீனக் கலைஞர் என்று நாம் பெரிதாகப் பேசுவதன் அடித்தளம் பெரும்பாலும் இந்தச் சம்பளச் சிட்டைதான்.

'சோல் கறுப்பின மக்களின் அடிமை வாழ்விலிருந்து பிறந்த இசை, அதை நாம் எடுப்பது திருட்டு, அல்லது போலி' என்று ஒரு மறுப்பு உண்டு. முதற்பாதி உண்மை. அந்தக் கடனை மறந்து பாடுபவர்களை நானும் மன்னிக்க மாட்டேன். ஆனால் இரண்டாம் பாதி நம்முடைய இசை வரலாறு தெரியாமல் சொல்வது. வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். அவருடைய தமையன் முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேய பாண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சொல் கட்டி நோட்டுஸ்வரங்கள் செய்தார். அவ்வளவு தூரம் போவானேன். நம் பாலையூற்றில் போர்த்துக்கீசப் பறங்கியர் வயலினோடும் றபானோடும் ஆடிப்பாடும் கஃப்றிஞ்சாவில் ஐரோப்பாவும் ஆபிரிக்காவும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த வழியில் வந்த பைலாத் தாளத்தைப் பிடித்துத்தான் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார், தமிழ்ப் பொப்பிசை என்ற ஒன்று இந்த நாட்டில் பிறந்தது. துறைமுகம் உள்ள ஊரில் இசைக்குச் சுங்கவரி கேட்பவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

சோலின் உயிர்நிலை என்று சொல்லத்தக்க ஒன்று நம் கடற்கரையிலேயே இருக்கிறது. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பா எடுத்துக்கொடுப்பார், கயிற்றில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பதில் கொடுத்துக்கொண்டு இழுப்பார்கள். பதில் மாறாது, எடுப்பவரின் அடி மாறிக்கொண்டே இருக்கும். அதில் சம்மாட்டியைக் கிண்டலடிக்கலாம், கடலைத் திட்டலாம், வீட்டில் காத்திருப்பவளை நினைக்கலாம், தெய்வத்தைக் கூப்பிடலாம். கூட்டத்தின் குரலிலிருந்து ஒரு தனிக்குரல் பிரிந்து தன் பாட்டைச் சொல்லி மறுபடி கூட்டத்தோடு சேர்வது. கறுப்பினத் தேவாலயங்களில் போதகர் எடுக்க சபை பதில் கொடுப்பதும் இதே அமைப்புத்தான். சோல் பாட்டில் பின்னணிக் குரல்கள் பாடகருக்குப் பதில் சொல்வது அங்கிருந்து வந்தது. பிறகு பல கரைகளில் வலையை உழவு இயந்திரம் இழுக்கத் தொடங்கியது, இயந்திரத்துக்கு அம்பா தேவைப்படாது. அந்த அமைப்பு நாட்டார் பாடல் தொகுப்புகளில் அச்சாகிக் கிடப்பதைவிட, ஒரு இளைஞனின் புதிய பாட்டில் கிட்டாரோடு எழும்பி வருவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். கூத்தின் பிற்பாட்டு, ஒப்பாரி, கோணேசர் சந்நிதித் தேவாரம், முஸ்லிம் கிராமங்களின் பைத்து, வேதக்கோயில் பாட்டு என்று இந்த மாவட்டத்தில் கையெட்டும் தூரத்தில் இருக்கும் முதலீடு சென் கேலனில் வளர்ந்த பெண்ணுக்குக் கிடைத்ததைவிட எத்தனையோ மடங்கு பெரிது.

இதை ஒருகாலத்தில் நாம் செய்தும் இருக்கிறோம். திருகோணமலையின் பரமேஷ், கோணேஷ் சகோதரர்களின் இசைக்குழுவை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பரமேஷின் 'உனக்குத் தெரியுமா' இலங்கையில் வெளிவந்த ஆரம்பகாலத் தமிழ் மெல்லிசைத்தட்டுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நினைவுகூரப்படுவது. சொந்த மெட்டு, கிட்டார், திருமலையில் பிறந்த குரல். சினிமாவின் துணையில்லாமல் நின்ற பாட்டு. ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யோடு கடல் கடந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். அது அப்போது ஏன் சாத்தியமானது என்பதற்குக் காரணங்கள் உண்டு. 1970 இல் வந்த அரசாங்கம் இந்தியப் படங்களையும் சஞ்சிகைகளையும் கட்டுப்படுத்தியதால் உள்ளூர் ஆக்கங்களுக்கு இடம் கிடைத்தது. வானொலி ஈழத்து மெல்லிசைக்கென்று நேரம் ஒதுக்கியது. மேடைகளில் பொப்பிசைக்கு ஆள் சேர்ந்தது. 1977 க்குப் பின் இறக்குமதிக் கதவு திறந்தது, கசெட் வந்தது, தமிழகத் திரைப்பாட்டு வீடு வீடாக நுழைந்தது. அதோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். 1983 இனக்கலவரமும் அதன்பின் வந்த போரும் பாடியவர்களையும் வாசித்தவர்களையும் கேட்டவர்களையும் நாலா திக்கிலும் சிதறடித்தன. பரமேஷ் ஜேர்மனிக்குப் போனார். அவருடைய மகள் பிரபாலினி அங்கிருந்து இசையமைப்பாளராக அறியப்பட்டார். இங்கே தொடர்ந்திருக்க வேண்டிய ஒரு பரம்பரை ஐரோப்பாவில் தொடர்ந்தது. பிரியா ரகுவின் குடும்ப இசைக்குழுவை இந்தக் கதையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் வானத்திலிருந்து விழுந்தவராகத் தெரியமாட்டார்.

போர் முடிந்தது 2009 இல். இன்னமும் போரையே காரணம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இன்று நம் ஊரில் பாடுபவர்களுக்குக் கிடைக்கும் மேடைகள் எவை? கோயில் திருவிழாவின் இன்னிசைக் கச்சேரி, கல்யாண மண்டபம், பாடசாலைப் பரிசளிப்பு விழா, விளையாட்டுக் கழகத்தின் ஆண்டுவிழா. எல்லா இடத்திலும் கேட்கப்படுவது ஒன்றே: நேற்று வந்த படத்தின் பாட்டு. பக்திப் பாட்டு இரண்டோடு தொடங்கி, பழைய பாட்டு நாலைத் தொட்டு, குத்துப்பாட்டில் முடிவது என்ற வரிசைகூட மாறுவதில்லை. இசைக்குழு வைக்கக் கட்டுப்படியாகாத இடங்களில் கரோக்கே ஓடுகிறது. பாட்டின் வாத்தியங்கள், இடைவெளி, ஏன் மூச்சு விடும் இடம்கூட முன்கூட்டியே முடிவாகிவிட்டது, பாடுபவர் அதற்குள் தன்னைப் பொருத்திக்கொண்டால் போதும். மூலப் பாடகரை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதே கைதட்டலின் அளவு. தொலைக்காட்சிப் போட்டிகள் இந்த அளவுகோலை இன்னும் இறுக்கிவிட்டன. பத்து வயதில் இது நல்ல பயிற்சி. இருபத்தைந்து வயதிலும் இதையே செய்தால் மட்டும்தான் மேடை கிடைக்கும் என்றால், அந்தப் பாடகரை நாம்தான் பத்து வயதிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

'சனம் கேட்பதைத்தானே கொடுக்க முடியும், தெரியாத பாட்டைப் பாடினால் எழும்பிப் போய்விடுவார்கள்' என்று ஏற்பாட்டாளர்கள் சொல்வார்கள். பொய்யென்று தள்ள முடியாத கவலை இது. கதிரை காலியானால் உபயகாரரின் முகம் சுருங்கும், அடுத்த வருடம் அந்தக் குழுவைக் கூப்பிட மாட்டார். ஆனால் 'சின்ன மாமியே'யும் முதல் தடவை பாடப்பட்டபோது யாருக்கும் தெரியாத பாட்டுத்தான். சனம் தெரிந்த பாட்டை விரும்புவது உண்மை. ஒரு பாட்டுத் தெரிந்ததாக ஆவதற்கு அதை நாலு தடவை கேட்க வேண்டும் என்பதும் உண்மை. அந்த நாலு தடவைக்கு வழி இல்லாத இடத்தில் ரசனையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

'இப்போது இணையம் இருக்கிறதே, யூரியூப்பில் போடட்டுமே, மேடை எதற்கு' என்று இளையவர்களே கேட்பதுண்டு. 2021 இல் வெளிவந்த 'என்ஜாயி எஞ்சாமி'யைப் பாருங்கள். நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகம் திரும்பிய குடும்பத்துப் பேரன் அறிவு எழுதியது. ஈழத்தமிழ் வேருள்ள தீயும் அவரும் பாடியது. கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய பாட்டின் கதையே அதுவென்றால், கிண்ணியாவிலிருந்து ஒரு பாட்டை ஏற்றிவிட்டு ஆயிரம் பார்வைக்குக் காத்திருப்பவரின் கதையைச் சொல்ல வேண்டாம். இணையம் பெயரைக் கொடுக்கும், சில வேளைகளில். கையில் காசும், முகத்துக்கு நேரே கேட்கும் சனமும், எந்த வரியில் கூட்டம் கவனம் சிதறுகிறது என்ற அறிவும் மேடையில்தான் கிடைக்கும். பாட்டைத் திருத்தி எழுதக் கற்றுத் தருவது அந்த அறிவுதான்.

அதனால் இந்த மாவட்டத்தின் ஆலய பரிபாலன சபைகளிடமும், திருவிழா உபயகாரர்களிடமும், பாடசாலை அதிபர்களிடமும், உள்ளூராட்சி சபைகளிடமும் கேட்பது பெரிய விஷயமல்ல. மண்டபம் கட்டித் தர வேண்டாம், விருது வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். ஒரு கச்சேரியில் ஏறத்தாழ இருபது பாட்டுப் பாடப்படுகிறது என்றால் அதில் மூன்றை அந்தக் குழுவினர் தாங்களே எழுதி மெட்டமைத்ததாக இருக்கச் சொல்லுங்கள். கடைசியில் ஆள் கலைந்த பிறகு வைக்காமல், கூட்டம் நிறைந்திருக்கும் நடுநேரத்தில் வையுங்கள். எழுதியவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். மூன்றும் நன்றாக இருக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். முதல் வருடம் பெரும்பாலானவை சினிமாப் பாட்டின் சாயலில்தான் இருக்கும், சில கேட்கச் சகிக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த திருவிழாவுக்கு இசைக்குழுவோடு பேசி முற்பணம் கொடுக்கும்போது, உடன்பாட்டில் இந்த ஒரு நிபந்தனையையும் எழுதிவிடுங்கள்.